ஜப்பான் நாவிகேஷன் செட்டா, டொரொன்டோ ஜிபிஎஸ்ஸா, அண்ட்ரொய்ட் செட்டா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்கிறேன். பாவித்த டொயோட்டா அக்சியோ ஹைபிரிட் வாங்கியிருக்கிறீர்கள், 2015ஆம் ஆண்டு வண்டி. டேஷ்போர்டில் ஜப்பானிலிருந்து வந்த நாவிகேஷன் செட் அப்படியே இருக்கிறது, திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. வீடு வெள்ளவத்தையில், வேலைக்காகக் கொழும்பு முழுக்க ஓடவேண்டும், இடைக்கிடை யாழ்ப்பாணம், பெற்றோரைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாப் பக்கமும் போவீர்கள். டொரொன்டோவில் இருக்கும் சித்தப்பா தன்னிடம் சும்மா கிடக்கும், கண்ணாடியில் ஒட்டும் கார்மின் ஜிபிஎஸ் கருவியை அனுப்பிவிடுகிறேன் என்கிறார். செட் பூட்டும் கடைக்காரர் பழையதைக் கழற்றிவிட்டுப் பெரிய அண்ட்ரொய்ட் செட் போடச் சொல்கிறார். இதில் எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, தெரியாத இடத்துக்கு அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு போகும்போது சந்திக்குச் சந்தி நிறுத்தி விசாரிக்காமல் வாசல் வரை போய்ச் சேரவேண்டும் என்று, அதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு, எந்தப் பெட்டி என்பதை விட அதற்குள் எந்த மேப் ஓடுகிறது, அதை யார் எப்போது புதுப்பிக்கிறார்கள் என்பதுதான் பெரிது.

நான் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் பல வருடமாக ஒட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். செட் பூட்டுவது, ரிவர்ஸ் கமெரா போடுவது, மற்றவர்கள் வெட்டி ஒட்டிய வயரிங்கைத் திருத்துவது, இதுதான் அன்றாட வேலை. கையில் வருவது பெரும்பாலும் ஜப்பான் வண்டிகள். ஐரோப்பிய வண்டிகளில் கம்பனியே பூட்டிவரும் நாவிகேஷன் என் துறை இல்லை, அதனால் நான் இங்கே எழுதுவதை அந்த வண்டிகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கவேண்டாம்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். டேஷ்போர்டில் இருப்பதோ கண்ணாடியில் ஒட்டுவதோ கையில் இருக்கும் போனோ, எல்லாமே வானத்தில் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அதே ஜிபிஎஸ் செய்மதிகளின் சிக்னலைத்தான் எடுக்கின்றன. அது இலவசம், சிம் தேவையில்லை, டேட்டா தேவையில்லை. நான்கு செய்மதி தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். பொதுமக்களுக்கு வரும் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் எடுத்துவிட்டார்கள், அதன் பிறகு திறந்த வானத்தின் கீழ் சாதாரண போன்கூட ஐந்து மீற்றர் அளவில் இடத்தைச் சொல்லிவிடும். ஆகவே விலை கூடிய செட் என்றால் இடத்தைக் கூடுதல் சரியாகக் காட்டும் என்று யாராவது சொன்னால், நம் ஊர் வீதிகளில் அது உங்களுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. வண்டியோடு வரும் செட்டுக்கு ஒரு உண்மையான நன்மை உண்டு, மறுக்கவில்லை. வண்டியின் வேக சிக்னலும், வண்டி திரும்புவதை உணரும் செட்டுக்குள் இருக்கும் ஜைரோவும் சேர்ந்து, செய்மதி தெரியாத இடத்திலும் கணக்குப் போட்டு அம்புக்குறியை நகர்த்தும். டோக்கியோவில் மைல் கணக்கில் சுரங்கப்பாதை இருக்கிறது, அங்கே அது உயிர் மாதிரி. நமக்கு றம்பொடையில் இருக்கும் சின்னச் சுரங்கத்தையும் கொழும்பில் சில நிலக்கீழ் கார் பார்க்குகளையும் விட்டால் அந்த வசதிக்கு வேலை குறைவு. புதிய களனிப் பாலத்தடியில் மேலே ஒரு வீதி, கீழே ஒரு வீதி என்று அடுக்கியிருக்கும் இடத்தில் எல்லாக் கருவியும் கொஞ்சம் தடுமாறும், உயரத்தைப் பிரித்தறிவது ஜிபிஎஸ்ஸுக்கு இயல்பாகவே கடினம். அந்த இடத்தில் திரையை விட்டுவிட்டு மேலே தொங்கும் பலகையைப் பார்த்து ஓடுங்கள்.

இப்போது உங்கள் ஜப்பான் செட். அதை நாவிகேஷனுக்கு வைத்திருப்பதில் பிரயோசனம் இல்லை, இதை அடித்துச் சொல்லலாம். அதில் இருப்பது ஜப்பான் நாட்டு மேப் மட்டும். இங்கே செய்மதி சிக்னல் சரியாகவே கிடைத்தாலும் காட்டுவதற்கு இலங்கை அதற்குள் இல்லை, அதனால் அம்புக்குறி பெரும்பாலும் கடலிலோ ஜப்பானில் ஏதோ ஒரு தெருவிலோ நிற்கும். வீதி நெரிசலைக் காட்டும் வசதி ஜப்பானின் ஒலிபரப்பை நம்பி இருப்பது. டிவியும் அப்படித்தான். மணிக்கூட்டை செய்மதியிலிருந்து எடுக்கும் செட் என்றால் ஜப்பான் நேரம் காட்டும், அதாவது நம்மை விட மூன்றரை மணித்தியாலம் முன்னால். சில பழைய செட்டுகளில் திகதியே கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் போய் நிற்கும். ஜிபிஎஸ் சிக்னலில் வாரக் கணக்கு 1024 வரை மட்டும் போய்த் திரும்பப் பூச்சியத்தில் ஆரம்பிக்கும், கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி நடந்தது, அதைக் கையாளத் தெரியாத செட்டுகள் குழம்பின. ஆகவே திகதி பிழை என்று யாராவது செட்டைப் பிரித்துத் திருத்தக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரேடியோவையும் சொல்லவேண்டும், ஏனென்றால் செட்டை மாற்ற வருபவர்களில் பலர் நாவிகேஷனுக்காக வருவதில்லை, சூரியன் எஃப்எம்மும் சக்தி எஃப்எம்மும் எடுக்கவில்லை என்றுதான் வருகிறார்கள். ஜப்பானில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை, பிந்திய செட்டுகளில் 95 வரை. நமக்கு 87.5 முதல் 108 வரை. இரண்டும் சேரும் சின்ன இடைவெளியில் வருவது மட்டும்தான் கேட்கும். இதற்கு பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று விரல் அளவு பெட்டி ஒன்று விற்கிறார்கள், ஏரியல் வயரில் செருகுவது, நம் அலைவரிசைகளை ஜப்பான் செட் எடுக்கும் அளவுக்கு இறக்கித் தரும், வேலை செய்யும், ஆனால் ஒரு நிலையான அளவைக் கழித்துத்தான் திரையில் இலக்கம் வரும், ஒலித்தரமும் கொஞ்சம் குறையும். உங்களுக்கு ரேடியோவும் ரிவர்ஸ் கமெராவும் மட்டும் போதும், வழிக்குப் போன் இருக்கிறது என்றால், இந்தச் சின்னப் பெட்டியோடு ஜப்பான் செட்டையே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம். அது தரமான செட், சத்தம் நன்றாக இருக்கும்.

ஆனால் ஒன்று கவனம். டொயோட்டாவின் எஸ்டி கார்ட் மேப் செட்டுகள் பலவற்றில், பற்றரியைக் கழற்றிப் பூட்டினாலோ பற்றரி செத்தாலோ செட் பூட்டிக்கொண்டு கார்டையோ கடவுச்சொல்லையோ கேட்கும். கார்டில் ஜப்பான் மேப் தானே, நமக்கு எதற்கு என்று முன்னைய உரிமையாளர் அதைக் கழற்றிப் பாட்டு ஏற்றப் பாவித்திருந்தால் ரேடியோகூட ஓடாது, திரையில் கார்டைப் போடு என்ற வசனம் மட்டும் நிற்கும். அதனால் இன்றைக்கே திரையைச் சாய்த்து கார்ட் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதில் கை வைக்கவேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியால் 2014, 2015 வண்டிகள் இன்னும் வீதியில் நிறைய ஓடுகின்றன, கைமாறிக் கைமாறி வந்ததில் கார்ட் தொலைந்த செட்டுகளும் நிறைய. சில செட்டுகளில் மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்றித் தருகிறார்கள், அது உண்மைதான், ஆனால் மெனு ஆங்கிலமானால் மேப்பும் இலங்கையாகிவிடும் என்று நினைத்துக் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

சித்தப்பாவின் கார்மினுக்கு வருவோம். ஆசையாகக் கொடுக்கிறார், வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, ஆனால் அனுப்பும் முன் ஒரு விஷயம் கேளுங்கள்: அதில் எந்த நாட்டு மேப் இருக்கிறது? கனடாவில் வாங்கியது என்றால் வட அமெரிக்கா மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். இங்கே கொண்டுவந்து போட்டால் வெறும் திரையில் ஒரு அம்புக்குறி. இதற்கு வழி உண்டு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச மேப் இருக்கிறது, அதிலிருந்து கார்மினுக்கு ஏற்ற வடிவில் இலங்கை மேப்பை இறக்கி மெமரி கார்டில் போடலாம். கணினியில் கொஞ்சம் பழக்கம் இருந்தால் ஒரு பின்னேர வேலை. முதல் தடவை இங்கே போடும்போது வண்டிக்குள் வைத்துக்கொண்டு அவசரப்படாமல் திறந்த வெளியில் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். செய்மதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற முழு அட்டவணையை வானத்திலிருந்து வாங்கி முடிக்கவே பன்னிரண்டரை நிமிடம் எடுக்கும், டொரொன்டோவில் கடைசியாக ஓடிய கருவி கொழும்பில் கண் விழிக்கும்போது தான் எங்கே நிற்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. போனுக்கு அந்தத் தாமதம் இல்லை, நெட்வேர்க் வழியாக அந்த அட்டவணையை உடனே எடுத்துவிடும்.

தனி ஜிபிஎஸ்ஸின் நல்ல பக்கத்தை மறைக்க விரும்பவில்லை. அதற்கு வேறு வேலை இல்லை, அதனால் அழைப்பு வந்து திரை மாறாது, மெசேஜ் வந்து மூடாது. சிக்னல் இல்லாத இடத்தில் சுருங்காது. வண்டியிலிருந்து வண்டிக்கு மாற்றலாம். வேன் ஓட்டுபவர்கள், வாடகைக்கு வேறு வேறு வாகனம் எடுத்து உல்லாசப் பயணிகளைக் கூட்டிப்போகும் சாரதிகள், இவர்களுக்கு நான் இன்றும் தனிக் கருவியைத் தயங்காமல் சொல்வேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன். காரணம் மேப் ஏற்றும் சிரமம் இல்லை, முகவரி.

கொழும்பில் முகவரி எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளவத்தையில் 57ஆம் ஒழுங்கை என்று கண்டுபிடித்துவிடலாம், ஆனால் 12/3 என்ற வீடு ஒழுங்கையின் எந்தப் பக்கம், எந்த வீட்டுக்குப் பின்னால் என்று எந்த மேப்பிலும் உறுதியாக இல்லை. காணியைப் பிரித்துப் பிரித்து இலக்கம் போட்ட ஊர் இது. வீதிக்கு மூன்று பெயர்: அரசாங்கப் பலகையில் ஆர். ஏ. டி மெல் மாவத்தை, சனங்களின் வாயில் டூப்ளிகேஷன் வீதி, கடிதத்தில் இன்னொரு விதமான எழுத்துக்கூட்டல். தனிக் கருவியில் எழுத்தெழுத்தாக வீதிப் பெயரைத் தேடும்போது மாவத்தைக்கு எத்தனை ஆங்கில எழுத்து என்று நின்றுகொண்டிருப்பீர்கள். இங்கே மனிதர்கள் வழி சொல்வது கோயிலை வைத்து, பள்ளிக்கூடத்தை வைத்து, பேக்கரியை வைத்து. போன் மேப்புகளில் அந்தக் கோயிலும் பேக்கரியும் பெயரோடு இருக்கின்றன, பாவிக்கும் சனங்களே ஏற்றியது. அதற்கும் மேல், இப்போது யாருமே முகவரி சொல்வதில்லை, "லொகேஷன் அனுப்புறேன்" என்றுதான் சொல்கிறார்கள். கல்யாண வீட்டு அழைப்பிலேயே லொகேஷன் வருகிறது. வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் புள்ளியைப் போனில் ஒருமுறை தொட்டால் வழி திறக்கும். கார்மினில் அந்தப் புள்ளியின் அகலக்கோடு, நெடுங்கோடு இலக்கங்களைக் கையால் தட்டவேண்டும், அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. உதாரணமாக வெள்ளவத்தையின் அகலக்கோடு 6.8747 என்பது பாகையைத் தசமத்தில் எழுதுவது, அதையே பாகை, கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்று எழுதினால் 6 பாகை 52.48 கலை. கருவி எந்த முறையில் கேட்கிறது என்று பார்க்காமல் 6.52 என்று தட்டினால் அது உங்களைக் களுத்துறைக்கு அப்பால் கடலுக்கு அனுப்பும்.

நெரிசலும் இருக்கிறது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பம்பலப்பிட்டி, வேலை முடியும் நேரத்தில் பொரளைச் சந்தி, மழை பெய்தால் கிருலப்பனை, இதைக் கார்டில் இருக்கும் மேப் எப்படி அறியும்? ஆடிவேல் தேர் வரும் நாளில் காலி வீதி மறிக்கப்படும், பெப்ரவரியில் கங்காராம பெரஹரா, திடீரென்று ஒரு ஆர்ப்பாட்டம். நேரலை மேப் இதையெல்லாம் அதிகாரிகள் சொல்லி அறிவதில்லை, வீதியில் நிற்கும் மற்றப் போன்கள் நகரவில்லை என்பதிலிருந்து ஊகிக்கிறது. அதனால் மறித்த முதல் கொஞ்ச நேரம் அதுவும் பிழை விடும், பிறகு திருந்தும். கார்டில் இருக்கும் மேப் திருந்தவே திருந்தாது. வீதிகளும் அப்படியே. கொட்டாவையிலிருந்து காலி வரை தெற்கு அதிவேக வீதி திறந்தது 2011இல், கட்டுநாயக்க வீதி 2013இல், கடவத்தையையும் கெரவலப்பிட்டியையும் இணைத்தது 2019இல், மீரிகமை – குருநாகல் பகுதி 2022 ஜனவரியில். யாராவது பழைய மேப் கார்ட் ஒன்றை இலங்கை மேப் என்று விற்றால் இந்த நான்கில் எவை அதில் தெரிகின்றன என்று பாருங்கள், கார்டின் வயது உடனே தெரிந்துவிடும்.

ஆகவே மேப் போனில் இருக்கவேண்டும். போனை எங்கே வைப்பது, எந்தத் திரையில் பார்ப்பது என்பதுதான் அடுத்தது. மிகக் குறைந்த செலவில் செய்யவேண்டும் என்றால் ஏசி துவாரத்தில் பூட்டும் தாங்கி ஒன்று, நல்ல சார்ஜர் ஒன்று, இவ்வளவும் போதும். கண்ணாடியில் ஒட்டும் தாங்கியை நான் இங்கே விரும்புவதில்லை. வெயிலில் ரப்பர் விட்டு விழும், விழாவிட்டாலும் போன் சுடும். ஐபோனுக்கு அதைச் செய்பவர்களே பாவிக்கும்போது சுற்றுவெப்பம் 35 பாகை செல்சியஸ் வரை, அணைத்து வைக்கும்போது 45 வரை என்றுதான் சொல்கிறார்கள். காலிமுகத்திடலில் மத்தியானம் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்ட் அதைத் தாண்டிவிடும். போன் சுட்டால் முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், நீங்கள் சரியாகத் திரும்பவேண்டிய சந்தியில்தான் அது நடக்கும். ஏசி துவாரத்தின் முன்னால் இருந்தால் குளிர்காற்றுப் பட்டுத் தாங்கும். எங்கே பூட்டினாலும் ஏயர்பேக் மூடியின் மேலோ அது விரியும் வழியிலோ வைக்கவேண்டாம், விபத்தில் அது முகத்துக்கு வரும். ஓடும்போது போனைக் கையில் எடுப்பது சட்டப்படி குற்றம், அதனால் இடத்தைப் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

வசதி இருந்தால், செட்டை மாற்றுவது இதைவிட நல்லது. ஆனால் இங்கே கடைக்காரர் சொல்வதில் இரண்டு வேறு பொருட்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, தனக்குள்ளேயே அண்ட்ரொய்ட் ஓடும் செட், அதாவது டேஷ்போர்டில் பதித்த ஒரு டேப்லட். மற்றது, அண்ட்ரொய்ட் ஒட்டோவும் (அண்ட்ரொய்ட் போனுக்கு) கார்ப்ளேயும் (ஐபோனுக்கு) உள்ள செட், இதில் மேப் உங்கள் போனிலேயே ஓடும், திரையும் ஸ்பீக்கரும் மட்டும் வண்டியுடையது. உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது. முதல் வகைக்கு வேறு சிம்மோ ஹொட்ஸ்பொட்டோ வேண்டும், மேப்பும் மென்பொருளும் பழசாகும்போது பலவற்றில் புதுப்பிப்பு வராது, உள்ளே இருக்கும் மெமரி எழுதியதை விடக் குறைவாக இருப்பதையும், பழைய அண்ட்ரொய்டுக்குப் புது இலக்கம் ஒட்டியிருப்பதையும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வாங்கும்போது வேகமாக இருக்கும், இரண்டு வருடத்தில் மேப் திறக்க நேரம் எடுக்கும். இரண்டாவது வகையில் போனை மாற்றும்போதெல்லாம் உங்கள் நாவிகேஷனும் புதிதாகிறது. சில செட்டுகளில் இரண்டும் சேர்ந்தே வரும், அப்படியானால் கடையிலேயே உங்கள் போனைச் செருகி மேப் திரையில் வருகிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

பூட்டும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல செட் கெட்டுப்போவது இங்கேதான். டொயோட்டாவில் செட் வரும் இடத்தின் அகலம் 200 மில்லிமீற்றர், மற்ற ஜப்பான் வண்டிகள் பலவற்றிலும் பொதுச் சந்தைச் செட்டுகளிலும் 178. பொருந்தும் பிரேம் இல்லாமல் பூட்டினால் இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும், ஓடும்போது கடகடக்கும். வண்டியின் வயர்களை வெட்ட விடாதீர்கள், அக்சியோவுக்குப் பொருந்தும் சொக்கட் தனியாக விற்கிறார்கள், அதைப் பாவித்தால் நாளைக்குப் பழைய செட்டைத் திரும்பப் பூட்டலாம். ஸ்டியரிங்கில் இருக்கும் சத்தம் கூட்டும் பட்டன்கள் வேலை செய்யவேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், அதற்கு வேறு சொக்கட். ரிவர்ஸ் கமெரா டொயோட்டா கம்பனி பூட்டியது என்றால் அது 6 வோல்ட்டில் ஓடுவது. அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்து எரித்த வண்டிகள் என்னிடம் வருகின்றன, புதுக் கமெரா போடும் செலவு உரிமையாளரின் தலையில்.

ஹைபிரிட் என்பதால் இன்னொன்று. உங்கள் வண்டியில் 12 வோல்ட் பற்றரி சின்னது, அது இயந்திரத்தைச் சுற்றுவதற்கு இல்லை, கணினிகளை எழுப்புவதற்கு. அண்ட்ரொய்ட் செட்டுகள் சில, சாவியை எடுத்த பிறகும் தூங்குவது போல நடித்துக்கொண்டு கரண்டை உறிஞ்சும். ஒரு கிழமை வண்டியை எடுக்காமல் விட்டால் காலையில் எதுவும் எரியாது. பூட்டி முடித்ததும் வண்டியை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, செட் எவ்வளவு அம்பியர் இழுக்கிறது என்று மீற்றர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல ஆள் என்றால் கோபிக்கமாட்டார். ஜிபிஎஸ் அன்டனாவை செட்டுக்குப் பின்னால் இரும்புக்குள் தள்ளிவிடாமல் டேஷ்போர்டின் மேல் பிளாஸ்டிக்குக்கு அடியில், கண்ணாடியை ஒட்டி வைக்கவேண்டும். முன்கண்ணாடியில் உலோகம் கலந்த வெப்பத் தடுப்பு பிலிம் ஒட்டியிருந்தால் சிக்னல் குறையும், அதைச் செட்டின் பிழை என்று நினைத்து மூன்று செட் மாற்றியவரும் இருக்கிறார். ஓடும்போது படத்தை நிறுத்தும் ஹேண்ட்பிரேக் வயரை வண்டியின் உலோக உடலில் இணைத்து (எர்த் செய்து), ஓடும்போதும் படம் பார்க்கலாம் என்று சொல்வார்கள். வேண்டாம். அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. பெரிய திரை போட்டால் விற்கும்போது கூடுதல் விலை கிடைக்கும் என்கிறார்கள். சிலருக்குக் கிடைத்தது, சிலரிடம் வாங்க வந்தவர் "ஒரிஜினல் செட் எங்கே" என்று கேட்டு விலையைக் குறைத்தார், ஆகவே இதை நம்பிச் செலவழிக்கவேண்டாம், கழற்றிய செட்டையும் கார்டையும் மட்டும் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். பெயர் இல்லாத செட் எத்தனை வருடம் உழைக்கும் என்பதும் அதிர்ஷ்டம் பார்த்ததுதான், ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஒரே மாதிரி உழைப்பதில்லை. பயனியர், கென்வூட் போன்றவற்றில் ஏமாற்றம் குறைவு என்பது என் அனுபவம், ஆனால் அசல் பெயரில் போலியும் விற்கப்படுகிறது. டொலரோடு சேர்ந்து விலை ஏறி இறங்குவதால் தொகை எதுவும் நான் எழுதவில்லை.

சரி, போனை நம்பினால் சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள், நியாயமான பயம். வன்னியில் சில துண்டுகளிலும் மலைநாட்டில் வளைவுக்கு வளைவும் நெட்வேர்க் போய்விடும். நான் முதலில் சொன்னதை நினையுங்கள், செய்மதிக்கு சிம் தேவையில்லை, தேவைப்படுவது மேப் மட்டும். கூகுள் மேப்பில் போகும் வழியை மூடும்படி பகுதிகளை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், இறக்கியது காலாவதியாகும், இடைக்கிடை புதுப்பிக்கவேண்டும். அதோடு ஓர்கானிக் மேப்ஸ் போல ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து முழுக்க டேட்டா இல்லாமல் ஓடும் செயலி ஒன்றிலும் இலங்கையை இறக்கி வையுங்கள். கார்மினில் கிடைக்கும் வசதி இப்போது உங்கள் போனிலேயே வந்துவிட்டது. இறக்கிய மேப்பில் நெரிசல் தெரியாது, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் அது பெரிய குறையில்லை.

மலைநாட்டில் எந்த மேப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். தூரம் குறைவு என்று தேயிலைத் தோட்ட வீதிக்குள் இறக்கிவிடும், மழைக்காலத்தில் அங்கே மண்சரிவு இருந்தால் திரும்பவும் இடமிராது. நுவரெலியாவுக்கு என்று ஒரேயடியாகப் போடாமல், கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை என்று நடுவில் ஊர்களைச் சேர்த்துப் போடுங்கள், அப்போது பெரிய வீதியை விட்டு இறக்காது. மழை பலமாக இருந்தால் புறப்படும் முன் அங்கே இருக்கும் யாரிடமாவது வீதி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், இந்த ஒன்றில் இன்னும் எந்தக் கருவியும் மனிதருக்கு நிகராக வரவில்லை.

உங்கள் நிலையில் நான் செய்வது இதுதான்: சித்தப்பாவுக்கு நன்றி சொல்லிக் கார்மினை அங்கேயே வைத்திருக்கச் சொல்வேன், முதல் மாதம் ஜப்பான் செட்டை அப்படியே விட்டு ஏசி துவாரத் தாங்கியில் போனை வைத்து ஓடுவேன். அதுவே போதும் என்று தோன்றினால் காசு மிச்சம். திரை சின்னதாக இருக்கிறது, அப்பாவுக்கும் வழி தெரியவேண்டும் என்று பட்டால் அண்ட்ரொய்ட் ஒட்டோ உள்ள செட்டுக்குப் போங்கள். கடைக்குப் போகும் முன் இப்போதைய செட்டின் மாடல் இலக்கத்தைப் பார்த்து இங்கே போடுங்கள். பல செட்டுகளில் திரையைச் சாய்த்தால் உள்ளே ஒட்டியிருக்கும், வண்டிப் புத்தகத்தோடு வந்த சின்ன ஜப்பானியக் கையேட்டின் அட்டையிலும் இருக்கலாம். கமெரா கம்பனியுடையதா பிறகு பூட்டியதா என்பதையும் சேர்த்து எழுதினால் எந்தச் சொக்கட், எந்த பிரேம் தேவை என்று சொல்லிவிடுகிறேன்.